நீல மூடி, சிவப்பு மூடி

மரக்காணம்
19.7.2005

அன்புள்ள மாமாவுக்கு,

சூர்யகலா எழுதுவது. அத்தை நன்றாக இருக்கிறார்கள். நானும் வயிற்றில் இருப்பதும் நன்றாகவே இருக்கிறோம். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் கீழே படியுங்கள்.

போன வாரம் திங்கட்கிழமை என்னை நாய் கடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை நீங்கள் போன் பண்ணியபோது சொல்ல வாய் வந்தது. தனக்கோடி அண்ணன் கடையில் சோடா குடிக்கிறவர்கள், பீடி வாங்குகிறவர்கள் என்று ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் போனை எடுத்தாலே அந்தக் கடையில் எல்லோருக்கும் காது நீண்டுவிடும். அதனால் வெயிலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீங்களும் அந்தப் பாலைவனத்தில் வெயில் அதிகம் என்றீர்கள்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். உப்பளத்தில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தேன். அத்தை நம் கன்றுக்குட்டியை வரப்போரம் மேயக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நாய் நம் பக்கத்து நாயே இல்லை. ரோட்டுப் பக்கமிருந்து வரப்பு மேலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. குரைக்கவில்லை. கன்றின் மூஞ்சியைக் கவ்வியது. அது கத்தின சத்தம் கேட்டு நான் நிமிர்வதற்குள் பாத்திக்குள் இறங்கி என் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. கையில் இருந்த பலகையால் அதன் தலையில் ஓங்கிப் போட்டேன். அது கத்தவே இல்லை மாமா. கடித்த வாயை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி கால்வாய்ப் பக்கம் போய்விட்டது. அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. அடி வாங்கியும் கத்தாத நாயை நான் இதுவரை பார்த்ததில்லை.

பம்ப்செட் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவினேன். உப்புத் தண்ணீர் பட்ட காயம், எரிச்சல் தாங்கவில்லை. அத்தை ஓடி வந்து பார்த்துவிட்டு, மஞ்சள் வைத்துக் கட்டினால் போதும் என்றார்கள். நான் பஸ் ஏறிவிட்டேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டு, பாண்டிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அத்தை என்னோடு வரவில்லை. மாசமாக இருக்கிறவள் ஊசி போடக் கூடாது என்று அவர்களுக்குக் கோபம்.

பாண்டியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள். என் வயிற்றைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். "இது மட்டும் வந்துட்டா காப்பாத்த மருந்தே கிடையாதும்மா. மாசமா இருந்தாலும் போட்டே ஆகணும். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னார்கள். காயத்தைச் சுற்றி ஒரு ஊசி போட்டார்கள் பாருங்கள், அதைப் பற்றி எழுத வேண்டாம். அப்புறம் கையில் ஒன்று. அந்தக் கை ஊசி மொத்தம் ஐந்து. முன்பு மாதிரி தொப்புளைச் சுற்றிப் போடுகிறது எல்லாம் இப்போது இல்லையாம். மூன்று போட்டாகிவிட்டது. அடுத்தது வருகிற திங்கள்.

நர்ஸ் பெயர் சவரியம்மாள். சின்ன பாட்டில், உள்ளே பொடி, மேலே நீல நிற மூடி. அந்த மூடியை நெம்பி எடுத்து மேசையில் வைப்பார்கள். மூன்று தடவையும் நான் அந்த மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியைப் பார்க்கப் பயம்.

முன்பு இரண்டு தடவை நமக்குத் தங்காமல் போனதை நான் மறக்கவில்லை. முதல் தடவை காய்ச்சலுக்கு நான் மாத்திரை போட்டபோது, யாரைக் கேட்டுப் போட்ட என்று நீங்கள் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. இந்தத் தடவை கேட்க நேரம் இல்லை என்று சொல்கிறேன்.

இன்னொன்று. சிரிக்காதீர்கள். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கிறேன். தண்ணீரைக் கண்டு பயம் வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை. மடமடவென்று குடித்துவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற வேலை பார்த்துக்கொண்டு இப்படி ஒரு சோதனை. ஒரு வாரமாக உப்பளத்துக்குப் போகவில்லை, அதனால் இன்னும் மோசமாக இருக்கிறது. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார் என்று அத்தை அதட்டுகிறார்கள்.

கன்றுக்கு மூஞ்சியில் காயம் ஆறிவிட்டது. நன்றாகத் தின்கிறது.

நீங்கள் வெயிலில் துண்டு கட்டாமல் நிற்காதீர்கள். இந்தக் கடிதம் வரும்போது நாலாவது ஊசியும் போட்டு முடித்திருப்பேன். கவலைப்படாமல் இருங்கள் என்று எழுதினால் நீங்கள் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

என்றும் உங்கள் நினைவோடு,
சூர்யகலா


மரக்காணம்
28.7.2005

அன்புள்ள மாமாவுக்கு,

இப்போதுதான் போனில் பேசிவிட்டு வந்தேன். பாதியில் கட் ஆகிவிட்டது. நீங்கள் சத்தம் போட்டது கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். தனக்கோடி அண்ணன் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார், நல்ல மனுஷன். போனில் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வர எத்தனை நாள் ஆகுமோ. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

திங்கட்கிழமை நாலாவது ஊசிக்குப் போனேன். சவரியம்மாள் வேறு ஒரு பெட்டியைத் திறந்தார்கள். சிவப்பு மூடி. நான் கையை இழுத்துக்கொண்டேன். பழைய கம்பெனி மருந்து தீர்ந்துபோச்சு, புதுசு எப்போ வரும்னு தெரியல, இதுவும் அதே நோய்க்குத்தான் என்றார்கள். டாக்டரம்மா அன்றைக்கு லீவு. இருந்த டாக்டரும் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது, அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் வயிற்றையும் பார்த்திருக்க மாட்டார்.

மூன்று ஊசி ஒரு கம்பெனி, நாலாவது வேறு கம்பெனி. உள்ளே போய் ஒன்றோடு ஒன்று சேருமா, சண்டை போடுமா, யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியிருப்பேன். போட்டுக்கொள்ளாமல் வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து உங்களுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். நீங்கள் கூப்பிட்டதும், என் கடிதம் இன்னும் வந்து சேராததால் நாய் கடித்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதே மருந்து கிடைக்கிற வரைக்கும் எதையும் போடாதே என்றீர்கள். சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை திண்டிவனம் போனேன். மருந்துக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் அந்த மருந்தே வைப்பதில்லை என்றார்கள். இன்னொன்றில் சிவப்பு மூடிதான் இருந்தது. அங்கே டாக்டர் காசிலிங்கம் என்று ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார். அவரிடம் சீட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வழக்கமா ஆரம்பிச்ச கம்பெனியிலேயே முடிக்கணும்னுதான் நாங்க சொல்றது. மாத்திப் போட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணுமோ என்னவோ. மாசமா வேற இருக்கீங்க. நான் பொறுப்பு எடுத்துக்க மாட்டேன்" என்றார். கெட்டவர் இல்லை. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆனால் பொறுப்பு எடுத்துக்கொள்ளவில்லை.

முதலிலிருந்து என்றால் இன்னும் ஐந்தா? போட்ட மூன்றும் வீணா? இதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அனுமந்தையில் இறங்கித் திரும்ப நடந்தேன்.

நேற்று விழுப்புரம். அங்கேயும் இல்லை.

அத்தைக்கு இப்போது ஒரு பிடி கிடைத்துவிட்டது. "நாந்தான் அன்னைக்கே சொன்னனே. ஒரு ஊசியும் வேணாம்னு சொன்னனே. இன்னாடி இப்ப? அந்த மருந்துன்றான், இந்த மருந்துன்றான், என் பேரப்புள்ள வவுறா, கம்பெனிக்காரன் கொடோனா?" என்று காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். அத்தையும் அழுவார்கள்.

நீங்கள் போனில் சொன்னது காதில் விழுந்தது. சென்னையில் வேலை பார்க்கிற உங்கள் சிநேகிதர் தேசப்பன் அந்த நீல மூடி மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார், ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றீர்கள். அங்கிருந்துகொண்டு எத்தனை பேருக்குப் போன் செய்தீர்களோ, எத்தனை பேர் காலைப் பிடித்தீர்களோ. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. லைன் கட் ஆவதற்குள் அதைச் சொல்ல நினைத்தேன்.

ஆனால் மாமா, திங்கட்கிழமை போட வேண்டியது. நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் சொம்பைப் பார்க்கிற வேலை இப்போது அதிகமாகிவிட்டது. தொண்டையில் எச்சில் விழுங்கினாலும் ஏதோ மாட்டுகிற மாதிரி தெரிகிறது. பயத்தில் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் விழுங்கிப் பார்க்கிறேன்.

கன்று இன்று காலையிலிருந்து புல்லைத் தொடவில்லை. வெயிலாக இருக்கும்.

உங்களுக்கு மூன்று மாதமாக இருமல் இருக்கிறதாம், தேசப்பன் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை? என்னைப் பற்றி எல்லாம் சொல்லச் சொல்லிவிட்டு நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருக்கும்,
சூர்யகலா


மரக்காணம்
4.8.2005

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை போனில் உங்களிடம் கொஞ்சம் சொல்லியிருப்பார்கள். நான் முழுவதும் எழுதுகிறேன். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை கன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை காலையில் கத்த ஆரம்பித்தது. அது கன்று கத்துகிற குரல் இல்லை. தொண்டை கட்டின ஆள் கூப்பிடுகிற மாதிரி, விட்டு விட்டு, நாள் பூராவும். வாயிலிருந்து கம்பி கம்பியாக எச்சில். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அத்தை கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்று கத்துவதற்குள் முழங்கை வரைக்கும் விட்டாகிவிட்டது. ஒன்றும் இல்லை.

மாட்டு டாக்டர் வந்தார். கிட்டே போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தார். நாய் கடித்ததா என்று கேட்டார். மூஞ்சியில் என்றேன். தலையை ஆட்டினார். அப்புறம், "யாராவது இது வாய்க்குள்ள கைய வுட்டீங்களா?" என்று கேட்டார். அத்தை வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சின்னப் பிள்ளை மிட்டாயை மறைக்கிற மாதிரி. அந்தக் கையில் உப்பு வாரி வாரி வெடித்த வெடிப்பு எத்தனை என்று உங்களுக்குத் தெரியாதா?

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அந்த நாய்க்கு வெறிதான். இத்தனை நாளும் இருக்குமோ இருக்காதோ என்று இருந்தது. அதே வாய்தான் என் காலையும் கடித்தது.

கன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டது. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தார்கள். அத்தை சாப்பிடவில்லை.

மதியத்துக்கு மேல் தேசப்பன் வந்தார். சனிக்கிழமையே கிளம்பினவர். வழியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பிடித்து உட்கார வைத்துவிட்டார்களாம். ஃபிளாஸ்க்கைத் திறந்தால் உள்ளே வெறும் தண்ணீர். அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. பாட்டில் மேல் ஒட்டியிருந்த லேபிள் ஊறிப் பாதி கழன்றிருந்தது. நீல மூடி மட்டும் பளிச்சென்று இருந்தது. எனக்கு அதைக் கையில் வாங்கினதும் அழுகை வந்துவிட்டது. உங்களையே பார்த்த மாதிரி இருந்தது. தேசப்பனைத் திட்டாதீர்கள். "ஐஸு கரைஞ்சா இன்னாம்மா, மருந்து பாட்டில்லதான இருக்குது" என்று அவர் மனசாரத்தான் சொன்னார். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் நான் எழுந்து பார்த்தபோது அத்தை தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அத்தை என் கையைப் பிடித்து நடந்தது அன்றைக்குத்தான். ஃபிளாஸ்க் என் மடியில் இருந்தது. இந்தத் தடவை நிறைய ஐஸ்.

டாக்டரம்மா வந்திருந்தார்கள். கன்றைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். நாலாவது ஊசி ஏன் போடவில்லை என்று கோபமாகக் கேட்டார்கள். நான் ஃபிளாஸ்க்கை நீட்டினேன். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து சொல்லி வாங்கி அனுப்பியது, அதே கம்பெனி, இதைப் போடுங்கள் என்றேன். சவரியம்மாள் பாட்டிலை எடுத்து லேபிளைத் தொட்டுப் பார்த்தார்கள். எப்போதிலிருந்து ஐஸ் இல்லை என்று கேட்டார்கள். நான் பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் மாமா. பொய் சொல்லிவிட்டால் நீங்கள் அனுப்பியதையே போட்டுவிடுவார்கள். உங்கள் மனசும் நிம்மதியாகும். அத்தைதான் பக்கத்திலிருந்து, "நேத்து தொறக்கறப்ப சுடுதண்ணியாட்டம் இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார்கள். "இது வேலை செய்யுமா செய்யாதான்னு எனக்குத் தெரியாது. தெரியாத மருந்தை உனக்குப் போட மாட்டேன். அந்தச் சிவப்பு மூடி ஃபிரிட்ஜை விட்டு வெளியே வரவே இல்லை. அது வேலை செய்யும்னு எனக்குத் தெரியும்" என்றார்கள். கம்பெனி வேறே ஆச்சே என்றேன். "அதே கம்பெனி கிடைச்சா நல்லதுதான். கிடைக்கலைன்னா மாத்திப் போடலாம். நாள் தள்ளிப்போறதுதான் ஆபத்து. ஏற்கெனவே தள்ளிட்டே" என்றார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும், போட்ட மூன்றும் வீண் இல்லையாம். வயிற்றில் இருப்பதற்கு? அதற்கும் இதனால் ஒன்றும் வராது என்றார்கள்.

அப்புறம் அவர்களே கேட்டார்கள். "உன் வீட்டுக்காரர் நம்பர் கொடு, நான் பேசட்டுமா?" மேசையில் போன் இருந்தது. நம்பர் எனக்கு மனப்பாடம்.

வேண்டாம் என்றேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை மீறுவதற்கு எனக்குத் தைரியம் வராது. அதனால்தான் கேட்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் நினைக்காதீர்கள். நீங்கள் அங்கே வெயிலில் நின்றுகொண்டு, எந்தப் பாட்டில் சூடாகிவிட்டது, எது ஆகவில்லை என்று பார்க்க முடியாது. நான் பார்த்தேன். கன்று கத்தினதையும் நான்தான் கேட்டேன்.

சிவப்பு மூடியைச் சவரியம்மாள் நெம்பி எடுத்தார்கள். இந்தத் தடவை நான் ஊசியையே பார்த்தேன். போட்டு முடித்ததும், அத்தை தன் புடவைத் தலைப்பை விலக்கிவிட்டு, "எனக்கு எந்தக் கையில?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு இது முதல் ஊசி. இனி நாலு பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும்போது மட்டும், இவ்ளோதானா என்று ஒரு வார்த்தை சொன்னார்கள்.

நீங்கள் அனுப்பிய பாட்டிலை என்ன செய்வது என்று சவரியம்மாள் கேட்டார்கள். நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கொடுக்க மாட்டோம், ஆஸ்பத்திரிக் குப்பையில்தான் போட வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெறும் ஃபிளாஸ்க்கோடு வந்தேன்.

கை கொஞ்சம் வீங்கியது. லேசாகக் காய்ச்சல் அடித்து நின்றுவிட்டது. மற்றபடி ஒன்றும் இல்லை. ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எழுதும்போது இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்க. ஒரு தடவை சும்மா.

உங்களுக்குக் கோபம் வந்தால் என் மேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அத்தை மேல் வேண்டாம். இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள்.

உங்கள் சொல்லுக்காக எப்போதும் காத்திருக்கும்,
சூர்யகலா


மரக்காணம்
2.12.2005

அன்புள்ள மாமாவுக்கு,

பெண் குழந்தை. போன சனிக்கிழமை பாண்டி ஆஸ்பத்திரியில் பிறந்தது. சுகப்பிரசவம். அத்தை கூடவே இருந்தார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது, நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தச் செய்தியை உங்களுக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும். இங்கே மழை உங்களுக்கு டிவியில் காட்டியிருப்பார்கள். உப்பளம் எது, ஏரி எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர். தனக்கோடி அண்ணன் கடை போன் செத்து இரண்டு வாரம் ஆகிறது. பாண்டியில் பூத்திலிருந்து அத்தை இரண்டு தடவை முயன்றார்கள், உங்கள் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேலையில் இருந்திருப்பீர்கள்.

நாலு மாதமாக நீங்கள் என்னிடம் பேசவில்லை. போன் பண்ணும்போதெல்லாம் அம்மாவைக் கூப்பிடு என்று சொல்லி, அத்தையிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நான் கடை வாசலிலேயே நிற்பேன். போனில் உங்கள் குரல் கொசு மாதிரிக் கேட்கும். வார்த்தை புரியாது. அத்தை வைத்துவிட்டு வந்து, "உன்ன நல்லா சாப்புடச் சொன்னான்" என்பார்கள். நீங்கள் சொன்னீர்களா, அத்தையே சொல்கிறார்களா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

ஐந்தாவது ஊசியும் சிவப்பு மூடிதான். அத்தைக்கும் ஐந்தும் ஆகிவிட்டது. இப்போது ஊரில் யாரை நாய் பார்த்துக் குரைத்தாலும், கையைத் தூக்கிக் காட்டி, "பயப்படாத, நான் அஞ்சு போட்டுட்டேன், இன்னா ஆச்சு எனக்கு?" என்று பஸ் ஏற்றிவிடுகிறார்கள். உப்பளத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள்.

நான் சிரித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது மாமா. ஊசி முடிந்த பிறகாவது நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நோய் வராது என்று தெரிந்துவிட்டது. ஆனால் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு யார் சொல்வார்கள்? அது ஒரு நாள் அசையவில்லை என்றால் நான் செத்துப் பிழைப்பேன். இரண்டு மருந்தும் சேர்ந்து அதை என்ன செய்திருக்குமோ என்று யோசிப்பேன். டாக்டரம்மாவிடம் மாதாமாதம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர்களும் அலுக்காமல் அதே பதிலைச் சொன்னார்கள். பஸ் ஏறினதும் மறுபடி பயம் வந்துவிடும். ஏதாவது ஆகியிருந்தால், நீங்கள் என்னை ஒன்றும் கேட்க வேண்டியதே இல்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பேன்.

பிறந்ததும் அது அழவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார்கள். நான் என் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியில் பிடித்துக்கொண்டு உங்களைத்தான் கூப்பிட்டேனாம், அத்தை சொல்கிறார்கள். அப்புறம் அழுதது. அழுதது என்றால், அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. அத்தை அதைக் கையில் வாங்கி, துணியைப் பிரித்து, கை கால் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். "ஒரு கொறையும் இல்லடி. பாத்துக்கோ" என்றார்கள்.

காது உங்கள் காது. மடல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பசி வந்தால் நெற்றியைச் சுருக்குகிறது, அதுவும் நீங்கள்தான். டாக்டரம்மா வந்து பார்த்தார்கள். எடை சரியாக இருக்கிறது, பால் நன்றாகக் குடிக்கிறது என்றார்கள். தடுப்பூசி போட எடுத்துப்போனபோது நான் எழுந்து கூடவே நடந்தேன். படுத்துக்கொள் என்று திட்டினார்கள்.

நீங்கள் என் மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்று அத்தை நினைக்கிறார்கள். தேசப்பனும் அப்படித்தான் சொன்னார். அவர் கொண்டுவந்த மருந்தைப் போடாதது உங்களுக்கு அவமானமாகிவிட்டது என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. முன்பு இரண்டு தடவை நமக்கு அப்படி ஆனபோதும் நீங்கள் பேசாமல்தான் இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே புங்க மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, உள்ளேயே வராமல் இருந்தீர்கள். கோபம் இல்லை அது. இப்போதும் நீங்கள் வெளியேதான் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இனிமேல் உள்ளே வரலாம் மாமா. ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் சூர்யகலா குழந்தை என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் பெயர் கேட்கிறார்கள். அத்தை குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாள் கூட ஒன்று சொன்னார்கள், அழகாக இருந்தது. எதுவும் வேண்டாம், அவர் சொல்லட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். பெயர் வைக்கிற நாள் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. இதை மட்டும் உங்களைக் கேட்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

குழந்தையோடு உங்களுக்காகக் காத்திருக்கும்,
சூர்யகலா